அம்மா சைவம், அப்பா கிரிக்கெட், வீட்டுக்காரர் ரம்: ஏழு நாள் கரீபியன் கப்பலில் எங்கே, என்ன சாப்பிடுவது?

இரண்டாம்காபி:
வணக்கம். அட்லான்டாவிலிருந்து எழுதுகிறேன். கும்பகோணத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார்கள். குளிரில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார்களே என்று ஜனவரி கடைசியில் ஒரு கப்பல் பயணம் போட்டிருக்கிறோம். அமெரிக்காவைச் சேர்ந்த போர்ட்டோ ரீக்கோத் தீவின் சான் வானில் ஏறுகிறோம். ஒரு நாள் முழுக்கக் கடல், அப்புறம் பார்படோஸ், செயின்ட் லூசியா, மார்ட்டினிக், ஆன்டிகுவா, செயின்ட் மார்ட்டின், திரும்ப சான் வான்.

அம்மா சுத்த சைவம். முட்டையும் கிடையாது, கேக்கில் முட்டை என்று தெரிந்தால் அதையும் தொடமாட்டார். அப்பா எல்லாம் சாப்பிடுவார், ஆனால் அம்மா எதிரில் சாப்பிடமாட்டார். வீட்டுக்காரருக்கு ரம் பிடிக்கும். எனக்குக் காலையில் இரண்டு காபி, அவ்வளவுதான்.

அம்மா ஏழு நாள் எதைச் சாப்பிடுவார்? மதுவுக்கு மொத்தமாகக் கட்டுகிற பேக்கேஜ் வாங்கலாமா? கரையில் இறங்கினால் அங்கேயே சாப்பிடலாமா, மதியத்துக்குக் கப்பலுக்கே திரும்பிவிடலாமா? "சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தானே டிக்கெட் காசு வாங்கியிருக்கான்" என்கிறார் அப்பா.

டெக்5_ஜன்னல்:
அப்பா சொல்வதுதான் சரி. நான் ஒன்பது தடவை போயிருக்கிறேன். துறைமுகத்தில் எல்லோரும் இறங்கிப் போனதும் கப்பல் காலியாகிவிடும். நீச்சல்குளம் உங்களுடையது, பஃபேயில் வரிசை கிடையாது, நல்ல மேசை ஜன்னல் ஓரமாகக் கிடைக்கும். வெளியே போய் டாக்சிக்கு நாற்பது டாலர், சாப்பாட்டுக்கு அறுபது டாலர் கொடுத்து, கப்பலில் சும்மா கிடைப்பதையே சாப்பிட்டுவிட்டு வருவானேன்? வயதானவர்கள் வேறு. வயிறு கெட்டால் மீதி நாலு நாள் அறையில்தான்.

கேலிக்காரன்:
தங்கச்சி, முதல்ல பெயரை விளக்கிடுறேன். கேலின்னா கப்பல் சமையல்கட்டு. கிண்டல் இல்ல. தூத்துக்குடிக்காரன். பதினோரு வருஷம் கப்பல்ல சமைச்சிட்டு இப்ப ஊர்ல சின்னதா ஹோட்டல் வெச்சிருக்கேன்.

அம்மா விஷயம்தான் முக்கியம், அதை முதல்ல சொல்றேன். வெறும் "வெஜிடேரியன்"னு சொன்னா போதாது. கப்பல் சமையல்கட்டுல வெஜிடேரியன்னா முட்டை உண்டு, பால் உண்டு. வெஜிடபிள் சூப்புன்னு போர்டு இருக்கும், உள்ள கோழி எலும்பு வேகவெச்ச தண்ணி இருக்கலாம். மூஸ், பன்னகோட்டா மாதிரி ஆடுற இனிப்புல ஜெலட்டின் இருக்கும். அது மாட்டெலும்பு, பன்றித்தோல்ல இருந்து வர்றது. உருளைக்கிழங்கு ஃப்ரை பொரிக்கிற எண்ணெயில மீனும் பொரிச்சிருப்பாங்க.

அதனால இப்படிச் சொல்லுங்க: "வீகன் சாப்பாடு. ஆனா பால், தயிர், வெண்ணெய் பரவாயில்லை." இதைச் சொன்னா முட்டை, ஜெலட்டின், எலும்புத்தண்ணி எல்லாம் ஒரே வார்த்தையில வெளிய போயிரும். டிக்கெட் எடுக்கும்போதே எழுதிப் போடுங்க. ஏறின முதல் நாள் சாயங்காலம் பெரிய சாப்பாட்டு ஹாலுக்குப் போய் ஹெட் வெயிட்டரைப் பார்த்து நேர்லயும் சொல்லுங்க. ஒவ்வொரு ராத்திரியும் மறுநாள் என்ன வேணும்னு அவரே கேட்டு எழுதிக்குவார். பெரும்பாலான கப்பல்ல நம்ம நாட்டு சமையல்காரன் ஒருத்தனாவது இருப்பான். முந்தின நாளே சொன்னா பருப்பு, சாதம், உருளைக்கிழங்கு, சப்பாத்தி நடக்கும். அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு உக்காந்துட்டுக் கேட்டா ஒண்ணும் நடக்காது. அந்த நேரத்துல உள்ள ஆயிரம் தட்டு ஓடிக்கிட்டிருக்கும்.

அப்பா கேள்விக்கு அப்புறம் வர்றேன். கடைக்கு ஆள் வந்துட்டாங்க.

கணக்கு_வாத்தியார்:
மது பேக்கேஜ் பற்றிக் கொஞ்சம் பெருக்கல். நாள் ஒன்றுக்கு 80 டாலர் என்று வைத்துக்கொள்வோம் (கப்பலுக்குக் கப்பல், மாதத்துக்கு மாதம் மாறும்). அதன்மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம், ஆக 94 டாலர் 40 சென்ட். ஏழு நாளுக்கு 660 டாலர் 80 சென்ட். பல நிறுவனங்களில் ஓர் அறையில் ஒருவர் வாங்கினால் அந்த அறையில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் வாங்கியாக வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் ரம் குடிப்பதற்கு நீங்களும் சேர்ந்து கட்டுவீர்கள். 1,321 டாலர் 60 சென்ட்.

காக்டெயில் ஒன்று 13 டாலர், சேவைக் கட்டணத்தோடு 15 டாலர் 34 சென்ட். ஒரு நாள் பணம் திரும்ப அவர் ஏழாவது கோப்பையில் இருக்க வேண்டும். உங்களுடையதையும் சேர்த்து எடுக்க வேண்டுமென்றால் பதின்மூன்று. ஐந்து நாள் காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை கரையில் இருப்பீர்கள். எப்போது குடிப்பார்?

தண்ணீர், சாதாரண காபி, டீ, காலைச் சாற்று வகைகள் பொதுவாகச் சும்மாதான். எஸ்பிரெசோ, பாட்டில் தண்ணீர், கோலா வகைகளுக்குத்தான் காசு. உங்கள் இரண்டு காபி எந்த ரகம் என்று சொன்னால் அதற்கும் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

நாலுபங்கு_தண்ணி:
வாத்தியார் கணக்கு சரி, ஆனால் ரசனை இல்லாத கணக்கு. பேக்கேஜ் வேண்டாம் என்பதற்கு எனக்கு வேறு காரணம். இந்தப் பயணத்தில் நீங்கள் இறங்கும் தீவுகளில் இரண்டு, உலகத்தில் ரம் என்றால் சொல்லப்படும் முதல் பெயர்களில் வருபவை. அங்கே போய்க் கப்பல் பாரில் நீலநிறத் திரவத்தில் குடை செருகிக் குடிப்பது, கும்பகோணத்துக்குப் போய் பாக்கெட் காபிப்பொடி கலக்குவது மாதிரி.

பார்படோஸ்: மவுண்ட் கே என்ற வடிசாலையின் பத்திரம் 1703ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவர்களுடைய பார்வையாளர் கூடம் தலைநகர் பிரிட்ஜ்டவுனிலேயே இருக்கிறது. அந்த ஊர் ரம் பஞ்சுக்கு ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு: ஒரு பங்கு புளிப்பு, இரண்டு பங்கு இனிப்பு, மூன்று பங்கு வீரியம், நாலு பங்கு தண்ணி. எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, ரம், தண்ணீர். மேலே இரண்டு சொட்டு பிட்டர்ஸ் (கசப்பு மூலிகைச் சாறு), கொஞ்சம் ஜாதிக்காய்த் துருவல். என் பெயர் அங்கிருந்துதான், வேறு எதுவும் நினைக்க வேண்டாம்.

மார்ட்டினிக் முற்றிலும் வேறு. பார்படோஸில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸில் ரம் வடிக்கிறார்கள். மார்ட்டினிக்கில் ஆலையில் பிழிந்த கரும்புச் சாற்றையே நொதிக்கவைத்து வடிக்கிறார்கள். வாயில் வைத்தால் கரும்புத் தோட்டத்துப் பச்சை வாசனை வரும். பிரெஞ்சு ஒயினுக்குக் கொடுக்கும் பிறப்பிடச் சான்றை 1996இல் இந்த ரம்முக்கும் கொடுத்தார்கள். குடிக்கும் முறை "டி பஞ்ச்": வெள்ளை ரம், ஒரு கீற்று எலுமிச்சை, ஒரு கரண்டி கரும்புப் பாகு. ஐஸ் பெரும்பாலும் இல்லை. ரம் 50 டிகிரியாக (50 சதவீத ஆல்கஹால்) இருக்கும், சின்னக் கோப்பை என்று ஏமாற வேண்டாம். பகல் பன்னிரண்டுக்கு ஒன்று போதும். இரண்டாவதைக் குடித்துவிட்டுக் கப்பலைத் தேடியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பாட்டில் வாங்கினால் ஏறும்போது வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாள் தருவார்கள். வீட்டுக்காரர் பதற வேண்டாம்.

ஸ்கார்பரோ_சிவா:
தங்கச்சி, நாங்கள் போன வருசம் கிட்டத்தட்ட இதே வழியிலதான் போட்டு வந்தனாங்கள். டெக்5 அண்ணை சொல்லுறதைக் கேட்டுக் கப்பலுக்குள்ளயே இருந்திடாதேங்கோ. அந்தத் தீவுச் சந்தைகளில என்ன இருக்கெண்டு தெரியுமே? ஈரப்பலாக்காய், மரவள்ளி, பூசணி, புளியம்பழம், சௌசௌ, இளநீர், வாழைக்காய். எங்கட அம்மா பார்படோஸ் சந்தையில நிண்டு "இது திருநெல்வேலிச் சந்தை மாதிரியெல்லோ கிடக்கு" எண்டு சொன்னவ. (யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, உங்கட இல்லை.)

ஈரப்பலாக்காய்க்கு ஒரு கதை இருக்கு. அடிமைகளுக்கு மலிவாச் சாப்பாடு போட எண்டு இங்கிலீசுக்காரன் தாகித்தியில இருந்து கன்று கொண்டுவர வெளிக்கிட்டவன். முதல் தரம் 1789இல கப்பல்ல கலகம் வந்து கன்றெல்லாம் கடலுக்க போச்சு. அதே கப்டன் பிளை 1793இல திரும்பக் கொண்டுவந்து செயின்ட் வின்சென்ட்டிலயும் ஜமேக்காவிலயும் இறக்கினவர். ஆனா அந்தச் சனம் அதைச் சாப்பிட விருப்பப்படேல்லையாம். இப்ப அது இல்லாத வீடில்லை. நெருப்பில சுட்டுக் குடுப்பினம், வெண்ணெய் பூசிச் சாப்பிட்டுப் பாருங்கோ. அம்மாவுக்கும் சரிவரும்.

மார்ட்டினிக்கில கட்டாயம் "கொலம்போ" சாப்பிடுங்கோ. எங்கட கொழும்பின்ர பேரில ஒரு கறி!

டெக்5_ஜன்னல்:
சிவா அண்ணே, சந்தை பார்க்கப் போவதை நான் குறை சொல்லவில்லை. பார்த்துவிட்டு மதியம் திரும்பலாமே என்றுதான் சொன்னேன்.

கேலிக்காரன்:
வந்துட்டேன். டெக்5 அண்ணாச்சி, ஒரு விஷயம் கேளுங்க. கப்பல் பார்படோஸ்ல நிக்குது, அதனால இன்னைக்கு ராத்திரி தட்டுல வர்ற மீன் பார்படோஸ் மீன்னு நினைப்பீங்க. இல்ல. பயணம் தொடங்குற துறைமுகத்துல பயணிங்க இறங்கி அடுத்த பயணிங்க ஏறுற அந்த ஒரே நாள்ல, ஃபோர்க்லிஃப்ட் போட்டு வாரத்துக்கான மொத்தச் சாமானும் ஏத்துவோம். மீன், இறால், லாப்ஸ்டர் வால் எல்லாம் உறைஞ்ச கட்டியா வரும். பெரும்பாலான கப்பல் தீவுல வாங்குறது ஏதோ அவசரத்துக்குப் பழம், கீரை. இந்தச் சமையலைக் குறைச்சு சொல்லல, என் கையால செஞ்சதுதான். ஆனா ஐயாயிரம் பேருக்கு ஒரே மாதிரி வரணும்னா காரமும் இருக்கக்கூடாது, முள்ளும் இருக்கக்கூடாது, யாருக்கும் புதுசாவும் இருக்கக்கூடாது. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லித் தருவாங்க.

சுத்தம் விஷயத்துல கப்பலை நம்பலாம். அமெரிக்கத் துறைமுகத்துக்கு வர்ற பயணிக் கப்பலை அவங்க சுகாதாரத்துறை திடீர்னு வந்து சோதிப்பாங்க. நூத்துக்கு மார்க். 86க்குக் கீழ போனா பெயில், அதை ஊருக்கே தெரியுற மாதிரி வெளியிடுவாங்க. அந்த ஆளுங்க வர்றாங்கன்னு தெரிஞ்சா ராத்திரி யாரும் தூங்க மாட்டோம். நேரக் கணக்கு வெச்சு பஃபேயில வைக்கிற சாப்பாட்டை நாலு மணி நேரத்துல தூக்கிக் கொட்டிரணும், தொடாத தட்டா இருந்தாலும் சரி. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் ஊர்ல ஹோட்டல்ல சாம்பாரைச் சின்னச் சின்னக் குண்டானா வைக்கிறேன்.

ஆனா வயிறு கெடுறது பாதி நேரம் சமையல்ல இருந்து இல்ல, பயணி கையில இருந்துதான். பஃபே வாசல்ல தெளிக்கிற அந்த ஜெல், வாந்திபேதி கொடுக்கிற நோரோவைரஸை ஒழுங்கா கொல்லாது. சோப்புப் போட்டுக் கழுவணும். கரையில சாப்பிட்டா வயிறு கெடும்னு பயப்படுறவங்க, கப்பல்ல அந்தப் பொதுக் கரண்டியைப் பிடிச்ச கையோட பன்னைப் பிச்சுத் தின்பாங்க.

தீவுல ரெண்டு எச்சரிக்கை மட்டும். ஒண்ணு, சிவப்பு பீன்ஸ், பட்டாணி சாதம்னு எதைப் பார்த்தாலும் கேட்டுட்டுச் சாப்பிடுங்க. உப்புப் போட்ட பன்றிவாலைப் போட்டு வேகவைக்கிற வழக்கம் உண்டு. ரெண்டு, கடற்கரையில சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி காய் கிடக்கும். மான்சினீல் மரம். கொடும் விஷம். இனிக்கும், அப்புறம் தொண்டை வெந்துரும். மழை பெய்யும்போது அந்த மரத்தடியில நின்னாலே இலையில வழியிற தண்ணி தோலைப் பொத்தும். பல இடத்துல மரத்துல சிவப்புப் பட்டை அடிச்சிருப்பாங்க.

மசாலாநெடி:
இடைமறிப்புக்கு மன்னிக்கவும். சிவா, கொலம்போ உங்கள் கொழும்பு இல்லை. அது குழம்பு.

பிரெஞ்சுக்காரர்கள் 1848இல் அடிமைமுறையை ஒழித்தபின் கரும்புக்காட்டுக்கு ஆள் இல்லாமல் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். "ஒரேலி" என்ற கப்பல் 1853 மே மாதம் முதல் கூட்டத்தை மார்ட்டினிக்கில் இறக்கியது. அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அதே கப்பல் இன்னொரு பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்கு ஆள் கொண்டுவந்தது. அப்புறம் முப்பது சொச்சம் வருடத்தில் மார்ட்டினிக்குக்கு சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்கு 40,000க்கு மேல். பெரும்பாலோர் தமிழர்கள். மொழி போய்விட்டது. மாரியம்மன் "மாலியேமின்" ஆகி நிற்கிறாள், மதுரைவீரன் "மால்தேவிதான்" ஆகிவிட்டார். மார்ட்டினிக்கின் வடக்கே பாஸ்புவான்ட் பக்கம் அவர்களுக்குக் கோயில் உண்டு. குவாதலூப்பில் கடைப்பெயர்ப் பலகையில் "முத்துசாமி" என்று பிரெஞ்சு எழுத்தில் பார்த்து நான் நடுத்தெருவில் நின்றிருக்கிறேன்.

அந்தக் கொலம்போப் பொடி என்ன தெரியுமா? மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு, மிளகு. சில வீடுகளில் வறுத்த அரிசியும். இதைக் கொழும்பிலிருந்தா கொண்டுபோனார்கள்?

ஸ்கார்பரோ_சிவா:
ஏன், கொழும்புத் துறைமுகத்தால போன சரக்கெண்டு பேர் வந்திருக்கக் கூடாதே? அப்பிடியும் ஒரு விளக்கம் புத்தகங்களில கிடக்கு. வறுத்த அரிசி போட்டுக் கறித்தூள் இடிக்கிறது இலங்கையிலதான், தெரியுமோ?

மசாலாநெடி:
இரண்டு விளக்கமும் உண்டுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "ழ" சொல்ல வராதவன் குழம்பை எப்படிச் சொல்லுவான் என்று வாயால் சொல்லிப் பாருங்கள்.

நாலுபங்கு_தண்ணி:
நம்மாட்களே பாதிப் பேருக்கு ழ வராது.

மட்டுறுத்துநர்:
ழகரச் சண்டைக்கு மொழிப் பகுதியில் ஏற்கெனவே இழை இருக்கிறது. இங்கே சாப்பாடு.

கணக்கு_வாத்தியார்:
பயன்படும் சில விஷயங்கள், அப்புறம் போய்விடுகிறேன். மார்ட்டினிக்கில் யூரோ வேண்டும், சந்தையில் டாலர் வாங்குவார்கள் என்று நம்ப வேண்டாம். ஞாயிறு என்றால் ஊரே மூடியிருக்கும், உங்கள் கிழமையைப் பாருங்கள். பெற்றோருக்கு இந்தியக் கடவுச்சீட்டு என்பதால் ஒவ்வொரு தீவுக்கும் விசா விதியைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். அமெரிக்க விசா பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும், திரும்ப சான் வானில் இறங்கும்போது மறுபடி உள்ளே வருகிறார்கள். மின்கெட்டில் கொண்டுபோகாதீர்கள், பறிமுதல். சீல் உடைக்காத பொடி, ஊறுகாய், தட்டை இவற்றைப் பெரும்பாலும் விடுவார்கள். ஆனால் கப்பலிலிருந்து பழம், சாப்பாடு எதையும் தீவுக்குள் எடுத்துப்போகக் கூடாது.

கேலிக்காரன்:
இன்னொண்ணு, நேரம். சான் வானும் உங்க தீவுகளும் ஒரே நேரம்தான், உங்களுக்குக் குழப்பம் இல்ல. மியாமியில ஏறுறவங்கதான் மாட்டுவாங்க. குளிர்காலத்துல தீவு நேரம் ஒரு மணி முன்னால ஓடும், சில கப்பல் கடிகாரத்தை மாத்தும், சிலது மாத்தாது. கையில கப்பல் நேரம் காட்டுற பழைய வாட்ச் ஒண்ணு கட்டிக்கிறது நல்லது. கடைசியா ஏறச் சொல்ற நேரம் புறப்பாட்டுக்கு அரைமணி முன்னால. பாலத்தை எடுத்தப்புறம் கரையில ஓடி வர்றவங்களைப் பார்த்து மேல் டெக்ல கை தட்டுவாங்க. எனக்கு அது பிடிக்காது. ஒரு தடவை அப்படி நின்னது ஒரு பாட்டி.

இரண்டாம்காபி:
எல்லோருக்கும் நன்றி. பேக்கேஜ் வேண்டாம் என்று முடிவு. வீட்டுக்காரர் வாத்தியார் மேல் கொஞ்சம் கோபமாக இருக்கிறார். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

இரண்டாம்காபி:
வந்துவிட்டோம். ஒரு வாரமாக அம்மா "ஆடுது, ஆடுது" என்று நிலத்தில் நடந்துகொண்டிருக்கிறார்.

முதல் இரவு சொதப்பல். இணையத்தில் எழுதிப் போட்ட குறிப்பு சாப்பாட்டு ஹாலுக்கு வந்து சேரவில்லை. அம்மாவுக்கு வந்த "காய்கறிக் கறி" பாயசத்துக்குச் சற்றே குறைவான இனிப்பு. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ரொட்டியும் வெண்ணெயும் போதும் என்றார். எழுந்து போய் ஹெட் வெயிட்டரிடம் கேலிக்காரன் அண்ணா சொன்ன வாசகத்தை அப்படியே ஒப்பித்தேன். மறுநாளிலிருந்து நிலைமையே வேறு. மங்களூர்ப் பக்கத்துச் சமையல்காரர் ஒருவர் உள்ளிருந்து எட்டிப் பார்த்து அம்மாவிடம் "புளி போடவா, தக்காளி போதுமா?" என்று கேட்டார். அதற்கப்புறம் அம்மா மெனு அட்டையைத் திறக்கவே இல்லை.

பார்படோஸ். கென்சிங்டன் ஓவல் துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரம்தான், ஆனால் வெயில் என்று டாக்சி எடுத்தோம். 2024 ஜூன் 29 அன்று இருபது ஓவர் உலகக்கோப்பை இறுதியில் இந்தியா தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் ஜெயித்த மைதானம். வாசலில் சோபர்ஸ் சிலை. அப்பா சிலைக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சுற்றுச்சுவருக்கு வெளியே நின்றபடி சூர்யகுமார் மில்லர் அடித்ததை எந்தப் பக்கத்து எல்லைக்கோட்டில் பிடித்தார் என்று டாக்சிக்காரரிடம் விசாரித்தார். அவரோ அந்த ஊர் வேகப்பந்து வீச்சாளர் மால்கம் மார்ஷல் பற்றியே பேசினார். இருவரும் ஒருவர் பேசுவதை ஒருவர் கேட்காமல் இருபது நிமிடம் பேசி, பரம திருப்தியோடு கைகுலுக்கிக்கொண்டார்கள்.

டாக்சிக்காரர்தான் அப்பாவுக்கு "பிரெட் அண்ட் டூ" வாங்கிக் கொடுத்தார். உப்பு ரொட்டிக்குள் இரண்டு மீன் உருண்டை, நம்ம ஊர் மசால் போண்டா அளவு. மேலே மஞ்சள் நிறத்தில் ஒரு மிளகாய்ச் சட்னி, கடுகும் ஸ்காட்ச் பானெட் மிளகாயும் அரைத்தது. அம்மாவும் நானும் அந்தப் பக்கம் இளநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அப்பா எதுவும் சாப்பிடவில்லை என்றுதான் சொன்னார். சட்டையில் மஞ்சள் கறை இருந்தது. அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, இரவு அறையில் சோப்புப் போட்டுத் துவைத்தார்.

அம்மாவுக்கு அங்கே கூகூ வாங்கினோம். சோளமாவில் வெண்டைக்காய் போட்டுக் கிண்டிய களி. மேலே மீன் குழம்பு ஊற்றாமல் கேட்டால் கடைக்காரம்மா பரிதாபமாகப் பார்க்கிறார். மிளகாய்ச் சட்னி தொட்டுக்கொண்டு அம்மா முழுத்தட்டும் காலி.

செயின்ட் லூசியா பற்றி அதிகம் சொல்ல இல்லை. சூஃப்ரியேர் வரை வேனில் போனோம், ஒன்றரை மணி நேரம் வளைவு வளைவாக. பித்தோன் மலைகள் இரண்டும் அழகுதான், ஆனால் எனக்கு நினைவிருப்பது பிளாஸ்டிக் பைதான். திரும்பி வந்து காஸ்ட்ரீஸ் சந்தையில் கோகோ டீ குடித்தபின்தான் உயிர் வந்தது. கோகோ கட்டியைத் துருவி, பட்டை, ஜாதிக்காய் போட்டுக் கொதிக்கவைத்தது. அன்று எனக்கு இரண்டாம் காபி தேவைப்படவில்லை.

மார்ட்டினிக். கப்பல் ஊருக்குள்ளேயே வந்து நின்றது, சந்தைக்கு நடந்தே போனோம். இரும்புத் தூண் போட்ட பழைய கூடம், வாசலிலிருந்தே வாசனை. வனிலாக் காய், பட்டை, பழம் ஊறப்போட்ட ரம் பாட்டில்கள். அம்மா ஒரு கடை முன்னால் நின்றுவிட்டார். கூடையில் மஞ்சள் பொடி. விற்ற அம்மாளுக்கு ஆங்கிலம் வராது, அம்மாவுக்குப் பிரெஞ்சு வராது. அம்மா ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார். "மல்லி. வெந்தயம். கடுகு ஜாஸ்தி. அரிசி வறுத்துப் போட்டிருக்கா." அந்த அம்மாள் ஒரு விரலை உயர்த்தி, கூடைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னச் சாக்கை எடுத்து உள்ளே காட்டினார். வறுத்த அரிசி.

மசாலாநெடி எழுதியிருந்ததை அம்மாவிடம் முந்தின இரவே சொல்லியிருந்தேன். காரைக்கால் எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பஸ். அம்மா அந்தக் கடைக்கார அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது. அவருக்கு நம்ம ஜாடை இருந்ததா என்றால் எனக்குத் தெரியவில்லை. அம்மா இருந்தது என்கிறார்.

ஆனால் அங்கே அம்மாவால் கொலம்போ சாப்பிட முடியவில்லை. மாடியில் இருந்த சாப்பாட்டுக் கடைகளில் கோழி, ஆடு இரண்டுதான் அன்று. அப்பா, வீட்டுக்காரர், நான் மூவரும் கோழி. அம்மா எதிரில் அப்பா கோழி சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, அம்மாதான் "சாப்பிடுங்கோ, எப்படி இருக்குன்னு சொல்லுங்கோ" என்றார். அவர் பழமும் பிரெட்டும் சாப்பிட்டபடி எங்கள் தட்டை விசாரித்துக்கொண்டிருந்தார். காரம் இல்லை, மிளகாயை முழுசாகப் போட்டு எடுத்துவிடுகிறார்கள். புளிப்புக்கு எலுமிச்சை. குழம்பா, குருமாவா என்று கேட்டால், குழம்பு செய்யத் தெரிந்த பாட்டியிடம் கேட்டுக் குருமா செய்யத் தெரிந்த பேத்தி செய்தது. வீட்டுக்காரர் ஒரே ஒரு டி பஞ்ச். நாலுபங்கு_தண்ணி எச்சரிக்கையை மதித்தார்.

ஆன்டிகுவாவில் டுகானா. சர்க்கரைவள்ளிக் கிழங்கும் தேங்காயும் துருவி, வாழையிலையில் மடித்து வேகவைத்தது. நம்ம இலைக் கொழுக்கட்டைதான். உப்புக் கருவாட்டோடு சாப்பிடுவார்களாம், அம்மா அதை மட்டும் ஒதுக்கிவிட்டு மூன்று சாப்பிட்டார். செயின்ட் மார்ட்டினில் எல்லோரும் களைத்துவிட்டோம், கடற்கரையில் சுட்ட சோளத்தோடு சரி.

டெக்5, உங்களுக்கும் ஒரு நன்றி. கடைசி நாள் மதியம் கப்பலுக்குத் திரும்பினோம். நீங்கள் சொன்னது போலவே காலி. ஜன்னல் ஓர மேசையில் அப்பா இரண்டு மணி நேரம் தூங்கினார்.

டெக்5_ஜன்னல்:
அதுக்குத்தாங்க காசு கொடுக்கிறது.

கேலிக்காரன்:
அந்த மங்களூர்த் தம்பிக்குத் தனியா ஏதாச்சும் கொடுத்தீங்களா தங்கச்சி? டிக்கெட்டோட பிடிக்கிற டிப்ஸ் உள்ள சமைக்கிறவன் கைக்கு வரும்போது ரொம்ப மெலிஞ்சுரும்.

இரண்டாம்காபி:
கொடுத்தோம் அண்ணா. அம்மா தன் பையிலிருந்த பருப்புப்பொடி டப்பாவையும் கொடுத்துவிட்டார். பணத்தைவிட அதை வாங்கும்போதுதான் அவர் சிரித்தார்.

மசாலாநெடி:
பொடி வாங்கினீர்களா? சுங்கத்தில் விட்டார்களா?

இரண்டாம்காபி:
அரைக் கிலோ. சொல்லிவிட்டே கொண்டுவந்தோம், காய்ந்த மசாலாப்பொடிக்குத் தடையில்லை என்று விட்டுவிட்டார்கள். கறிவேப்பிலைதான் ஆகாதாம், எலுமிச்சைக் குடும்பம் என்று.

நேற்று அம்மா சௌசௌவும் கத்தரிக்காயும் போட்டு, எலுமிச்சைக்குப் பதில் புளி கரைத்துவிட்டு வைத்தார். "வத்தக்குழம்புக்கு ஆகாது. அரைச்சுவிட்ட குழம்புக்கு ஆகும்" என்பது தீர்ப்பு.

ஸ்கார்பரோ_சிவா:
பொட்டலத்தில என்ன பேர் போட்டிருக்கு எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ தங்கச்சி.

இரண்டாம்காபி:
கொலம்போ என்றுதான் இருந்தது அண்ணா. அம்மா அதை ஹார்லிக்ஸ் பாட்டிலில் மாற்றி "மார்ட்டினிக் குழம்புப்பொடி" என்று எழுதி ஒட்டிவிட்டார்.

ஸ்கார்பரோ_சிவா:
அந்த லேபிளைக் கணக்கில எடுக்கேலாது.